நகல் முடிந்த பிறகும் பென்டிரைவுக்கு வேலை இருக்கிறது

பெங்களூரு அல்சூர் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் ஓர் அச்சகம். தங்கை மகளின் திருமண அழைப்பிதழைத் தமிழிலும் கன்னடத்திலும் திருத்தி, பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு அங்கே போயிருந்தேன். கோப்பின் பெயர் திரையில் தெரிந்தது, திறந்தால் ஒன்றுமில்லை. "வீட்டில் நகல் முடிந்ததுமே கழற்றிவிட்டீர்களா சார்?" என்று அச்சகத்துக்காரர் கேட்டார். அப்படித்தான் செய்திருந்தேன்.

கணினியின் நினைவகம் மிக வேகமானது; பென்டிரைவ் அதன் பக்கத்தில் நிற்கக்கூட முடியாது. அதனால் கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளான இயங்குதளம் கோப்பை முதலில் தன் நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, 'முடிந்தது' என்று நம்மிடம் சொல்லிவிடுகிறது. உண்மையான எழுத்து வேலை பிறகுதான் நடக்கும். என் வீட்டுக் கணினியில் இருப்பது லினக்ஸ். அதன் வழக்கமான அமைப்பில், இப்படிக் காத்திருக்கும் தரவு சுமார் 30 விநாடி வரைகூட நினைவகத்திலேயே தங்கலாம். அழைப்பிதழ் போன்ற சிறிய கோப்புக்கு இது பெரிய ஆபத்து. கண்ணிமைக்கும் நேரத்தில் நகல் முடிந்ததுபோல் தெரியும், நாமும் கழற்றிவிடுவோம். விண்டோஸ் 10இல் 2018இல் வந்த 1809 பதிப்பு முதல், வெளிச் சாதனங்களுக்கு இந்தத் தாமதம் இல்லாத முறையே இயல்பாக்கப்பட்டது. அங்கும் எழுதிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினால் சேதம்தான்.

கோப்பின் உள்ளடக்கம் ஓரிடத்தில் எழுதப்படுகிறது. அதன் பெயரும், அது எங்கே தொடங்குகிறது என்ற குறிப்பும் வேறோர் அட்டவணையில் பதிவாகின்றன. சரக்கு கிடங்குக்கு வந்தும் பேரேட்டில் வரவு வைக்காமல் போகலாம். வரவு வைத்தும் சரக்கு வராமல் போகலாம். எனக்கு நடந்தது இரண்டாவது. ஆயிரம் சிறிய படங்களை ஏற்றுவதற்கு, அதே அளவுள்ள ஒரே வீடியோவை ஏற்றுவதைவிட அதிக நேரம் பிடிப்பதும் இந்தப் பேரேட்டு வேலையால்தான்.

பென்டிரைவுக்குள் இருப்பது ஃபிளாஷ் நினைவகம். தோஷிபாவில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோகா 1980களில் உருவாக்கியது. மின்காப்புச் சுவருக்குள் எலக்ட்ரான்களை அடைத்து வைப்பதே இதில் எழுதுவது என்பது. எழுதிய இடத்தின் மேல் அப்படியே திருப்பி எழுத முடியாது. எழுதும் அலகு 'பக்கம்', சில கிலோபைட் அளவு. அழிக்கும் அலகோ பல பக்கங்கள் சேர்ந்த 'தொகுதி'. ஒரே ஓர் எழுத்தை மாற்றினாலும் புதிய பக்கத்தில் எழுத வேண்டும். பழைய தொகுதியைக் காலி செய்யும்போது அதில் மிச்சமிருக்கும் நல்ல பக்கங்களை வேறிடம் மாற்ற வேண்டும். உள்ளே இருக்கும் சிறிய கட்டுப்பாட்டுச் சில்லு இதையெல்லாம் நமக்குத் தெரியாமல் செய்கிறது. அந்த நேரத்தில் மின்சாரம் நின்றால், புதிய கோப்பு மட்டுமல்ல, என்றோ சேமித்த குழந்தைப் படமும் கெடலாம். என்னை உண்மையிலேயே கலங்கவைத்தது இதுதான்.

பெரிய வீடியோ ஏற மறுத்தால் காரணம் வேறு. பென்டிரைவில் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறைகளில் ஒன்று ஃபேட்32. அதில் கோப்பின் அளவைக் குறிக்க 32 பிட் (0 அல்லது 1 என்ற இலக்கம்) மட்டுமே உண்டு. 4,29,49,67,295 பைட்டுக்கு மேல் அதற்கு எண்ணத் தெரியாது. எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றினால் ஏறிவிடும். ஆனால் மாற்றும்போது உள்ளே இருப்பவை அழிந்துவிடும், முதலில் வேறிடத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குத் திரும்பி அழைப்பிதழை மறுபடி ஏற்றினேன். இம்முறை 'வெளியேற்று' என்பதை அழுத்தினேன். பென்டிரைவின் நீல விளக்கு திரும்பவும் துடிக்கத் தொடங்கியது. கழற்றலாம் என்று திரையில் எழுத்து வந்த பிறகே கை வைத்தேன்.