வக்காலத்து: வேர், பொருள், தமிழ்ச் சொல்

“அவனுக்கு நீ ஏன் வக்காலத்து வாங்குற?” என்ற கேள்விக்குள் ஒரு சட்டக் கருத்து ஒளிந்திருக்கிறது. உன்னை யாரும் நியமிக்கவில்லையே, பிறகு எதற்குப் பேசுகிறாய் என்பதுதான் அது. இந்திய நீதிமன்றத்திலும் இதே கேள்வி முதலில் வந்து நிற்கும். கட்சிக்காரரோ அவருடைய அதிகாரம் பெற்ற முகவரோ எழுத்தில் கையெழுத்திட்டு நியமிக்காத வழக்குரைஞர், அவர் சார்பில் எந்த நடவடிக்கையும் எடுக்க முடியாது. 1908-ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 3, விதி 4 இப்படிச் சொல்கிறது. அந்த நியமனத் தாள்தான் வக்காலத்து.

சொல் அரபியிலிருந்து வந்தது. அதன் வேருக்கு ஒப்படைத்தல், பொறுப்பில் விடுதல் என்று பொருள். பொறுப்பேற்பவர் வக்கீல், ஒப்படைப்பு வக்காலத். தமிழ் முஸ்லிம்கள் இறைவனிடம் ‘தவக்குல்’ வைப்பது என்கிறார்களே, அதுவும் இதே வேர்தான். பாரசீகம் இதோடு ‘நாமா’வைச் சேர்த்து வக்காலத்நாமா ஆக்கியது. நாமா என்றால் பத்திரம்; ராஜிநாமாவில் இருப்பதும் அதுவே. பாரசீகம் நிர்வாக மொழியாக இருந்த காலத்தில் இங்கே வந்த சொல், தமிழ் நாவில் நாமாவை உதிர்த்துவிட்டு, கடைசியில் ஓர் உகரம் சேர்த்துக்கொண்டது.

தமிழில் என்ன சொல்வது? ‘வாதாடுதல்’ என்பதை அடியாக வைத்து ஆக்கும் எந்தச் சொல்லும் இங்கே பொருந்தாது. சட்டம் வாதாடுவதையும் நடவடிக்கை எடுப்பதையும் தனித்தனியாகப் பார்க்கிறது. மனு தாக்கல் செய்வதும் நோட்டீஸ் பெறுவதும் நடவடிக்கை. அதற்கு வக்காலத்து வேண்டும். ஏற்கெனவே வக்காலத்து போட்டிருக்கும் வழக்குரைஞர் வாதாட மட்டும் இன்னொருவரை அமர்த்தினால், அந்த இன்னொருவருக்கு வக்காலத்து தேவையில்லை. ஆஜர் மெமோகூட, அதாவது ‘இவர் சார்பில் ஆஜராகிறேன்’ என்று வழக்குரைஞர் எழுதித் தரும் குறிப்புகூட, வேண்டாம். மூத்த வழக்குரைஞராக அறிவிக்கப்பட்டவரோ வக்காலத்து போடவே கூடாது. நாளெல்லாம் வாதாடுபவரிடம் இல்லாத ஒரு தாளுக்கு ‘வாதுரிமை’ என்று எப்படிப் பெயர் வைப்பது? வக்காலத்தும் ஒருவகை அதிகாரப் பத்திரமே (பவர் ஆஃப் அட்டர்னி) என்று உச்ச நீதிமன்றம் 2005-இல் சொன்னது. ஆகவே ‘வழக்கு நடத்தும் அதிகாரப் பத்திரம்’ என்பது நீளமானாலும் துல்லியம். பேச்சில் வக்காலத்து இருந்துவிட்டுப் போகட்டும்.

அந்தத் தீர்ப்பு, வக்காலத்துத் தாளில் வழக்கமாக நடக்கும் பிழைகளையும் எடுத்துக் காட்டியது. கையெழுத்து புரியாது, கீழே பெயரும் இருக்காது. நிறுவனத்துக்காகக் கையெழுத்திட்டவரின் பதவியோ முத்திரையோ இராது. பலர் ஒரே தாளில் கையெழுத்திட்டிருப்பார்கள், எது யாருடையது என்ற வரிசை எண் இருக்காது. ஏற்றுக்கொண்டதற்கு அடையாளமாக வழக்குரைஞர் கையெழுத்திட்டிருக்க மாட்டார். இவை திருத்தக்கூடிய குறைகள். இதற்காகவே மேல்முறையீட்டைத் தள்ளிவிடக் கூடாது என்பதும் அதே தீர்ப்பு. பெரிய வில்லங்கம் வெற்று வக்காலத்து. “எதற்கும் இருக்கட்டும்” என்று நிரப்பாத படிவங்களில் வாங்கி வைத்த கையெழுத்து, பின்னாளில் கட்சிக்காரருக்குத் தெரியாத மனுவோடு நீதிமன்றம் போய்ச் சேரும். “நான் இவரை அமர்த்தவே இல்லை” என்று அவர் சொல்லும்போது, வழக்குரைஞர் தன்னைக் காத்துக்கொள்ள ஒரு துண்டுத் தாளும் இருக்காது. வழக்கு எண், தரப்பினர் பெயர், தேதி எல்லாவற்றையும் நிரப்பிய பிறகே கையெழுத்து வாங்க வேண்டும்.

வழக்குரைஞரை மாற்றும் இடத்தில்தான் தொழில் நெறி அதிகம் இடறுகிறது. இந்திய பார் கவுன்சில் விதி 39-இன்படி, ஏற்கெனவே ஒருவர் வக்காலத்து போட்டிருக்கும் வழக்கில் புதியவர் அவருடைய சம்மதத்தோடுதான் நுழையலாம். சம்மதம் கிடைக்காவிட்டால், காரணத்தைச் சொல்லி நீதிமன்ற அனுமதி பெற வேண்டும். “பாக்கி ஃபீஸைக் கொடுத்துவிட்டு வழக்கு ஆவணக் கட்டை வாங்கிக்கொள்” என்று பழையவர் நிற்க முடியாது. ஃபீஸுக்காக வழக்குக் கட்டைப் பிடித்து வைக்கும் உரிமை வழக்குரைஞருக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-இல் தீர்த்துவிட்டது. பாக்கிக்குத் தனியாக வழக்குப் போடலாம். வழக்குரைஞரே விலகுவதானாலும் தகுந்த காரணம் வேண்டும், கட்சிக்காரருக்குப் போதிய முன்னறிவிப்பு வேண்டும், வேலை செய்யாத பகுதிக்கான ஃபீஸைத் திருப்பித் தர வேண்டும். இது விதி 12. மீறினால் 1961-ஆம் ஆண்டு வழக்குரைஞர்கள் சட்டத்தின் பிரிவு 35-இன் கீழ் மாநில பார் கவுன்சிலில் புகார் தரலாம். கண்டனம், தற்காலிகத் தடை, பதிவேட்டிலிருந்து நீக்கம் என்று தண்டனை போகும்.

கட்சிக்காரர் இறந்தால் வக்காலத்தும் முடிந்துபோகும். ஆனாலும் ஒரு கடமை மிஞ்சுகிறது. மரணச் செய்தி தெரிய வந்ததும் வழக்குரைஞர் அதை நீதிமன்றத்துக்குச் சொல்ல வேண்டும்; அதற்காக மட்டும் பழைய ஒப்பந்தம் நீடிப்பதாகக் கொள்ளப்படும் (கட்டளை 22, விதி 10ஏ). வாரிசுகளைச் சேர்க்க 90 நாள். அது தவறினால் வழக்கு அற்றுப்போகும். அப்படி அற்றுப்போன நிலையை நீக்கக் கோர மேலும் 60 நாள் உண்டு. இறந்தவர் பக்கத்தில் வாரிசுகள் சேர்க்கப்பட்டால், அவர்கள் கையெழுத்திட்ட புது வக்காலத்து வேண்டும். அப்பா கொடுத்தது பிள்ளைக்குச் செல்லாது.