ரினெக்: சந்தையா, சதுக்கமா, முற்றமா?

போலிஷ் மொழியில் ‘ரினெக்’ என்றால் சந்தை என்று அகராதி சொல்லும். அது பாதிதான் சரி. வாரச் சந்தைக்கு அவர்களிடம் ‘தார்க்’ என்று தனிச்சொல் இருக்கிறது. எந்தத் திறந்தவெளிக்கும் ‘பிளாட்ஸ்’ போதும். ரினெக் என்பது பழைய ஊரின் நடுவே, சுற்றிலும் வீடுகள் நிற்க, அளந்து விட்ட வெளி.

சொல்லின் வேர் ஜெர்மன். வளையம் என்று பொருள்படும் ‘ரிங்’ தான் ரினெக் ஆனது. 13ஆம் நூற்றாண்டிலிருந்து போலந்தின் பல ஊர்கள் ஜெர்மானிய மாக்டெபர்க் நகரச் சட்டத்தின்படி அமைந்தன. முதலில் நடுவெளி, அதிலிருந்து தெருக்கள், பிறகு மனைகள் என்பது அந்த முறை. 1257-இல் நகர உரிமை பெற்ற கிராக்கோவின் ரினெக் பக்கத்துக்குச் சுமார் 200 மீட்டர். வளையம் என்று பெயர், வடிவமோ சதுரம்!

ஆனால் இந்தச் சொல்லின் முழுப் பொருளும் தெரிய வேண்டுமானால் சின்ன ஊருக்குத்தான் போக வேண்டும். விஸ்துலா ஆற்றங்கரையில் உள்ள கசிமியெஷ் டோல்னியில் இன்று மூவாயிரம் பேர்கூட இல்லை. ‘டோல்னி’ என்றால் கீழ். கிராக்கோவை ஒட்டி இன்னொரு கசிமியெஷ் இருந்ததால், ஆற்றின் கீழ்ப்பக்கத்து ஊருக்கு இந்த அடைமொழி. 16, 17ஆம் நூற்றாண்டுகளில் இங்கிருந்து தானியம் படகேறி பால்டிக் கரையின் க்டான்ஸ்க் துறைமுகம் வரை போனது. அந்தப் பணத்தை ரினெக்கில் இன்றும் பார்க்கலாம். ப்ஷிபிவா குடும்பத்துச் சகோதரர்கள் இருவர் 1615-இல் கட்டிய ஒட்டு வீடுகளின் முகப்பில், அவர்கள் பெயர் தாங்கிய புனிதர்கள் நிக்கோலசும் கிறிஸ்டோபரும் சிற்பமாக நிற்கிறார்கள். நடுவில் மரக்கூரை போட்ட கிணறு. 1650-களின் சுவீடன் படையெடுப்புக்குப் பிறகு அந்தச் செழிப்பு திரும்பவேயில்லை.

பக்கத்திலேயே ‘மாவி ரினெக்’, அதாவது சின்ன ரினெக். பழைய யூதத் தொழுகைக்கூடமும் மரத்தால் ஆன இறைச்சிக் கடைகளும் அங்கே இருக்கின்றன. இரண்டாம் உலகப் போருக்கு முன் ஊரில் ஏறக்குறைய பாதிப்பேர் யூதர்கள். 1942-இல் நாஜிகள் அவர்களை ஊரைவிட்டே கொண்டுபோய் அழித்தார்கள். அந்த ரினெக்கைப் பற்றி எழுதும்போது இதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘சதுக்கம்’ பழகிய சொல். சிலப்பதிகாரத்தில் சதுக்கப் பூதம் வருகிறது, ஆனால் அங்கே அது நாற்சந்தி. போதாததற்கு அது வடமொழி வழி வந்த சொல். ‘அங்காடி’ அழகான பழஞ்சொல், ஆனால் அது கடைகளைத்தான் காட்டுகிறது, வெளியைக் காட்டவில்லை. ‘திடல்’ என்றால் வெளி வந்துவிடும், சுற்றி நிற்கும் வீடுகள் விட்டுப்போகும். நான்கு பக்கமும் கட்டடம், நடுவில் வானம் என்ற அமைப்புக்கு நம் வீட்டு ‘முற்றம்’ கச்சிதமாகப் பொருந்துகிறது. அதனால் நான் ‘சந்தை முற்றம்’ என்றே எழுதுவேன். மாவி ரினெக் ‘சின்னச் சந்தை முற்றம்’ ஆகும். இன்றைய போலிஷில் வேலைவாய்ப்புச் சந்தை, பங்குச் சந்தை போன்றவற்றுக்கும் ரினெக் என்றே சொல்கிறார்கள். அங்கெல்லாம் வெறும் ‘சந்தை’ போதும்.