எக்ஸஸ் டெத்ஸ்: மிகை இறப்பு

ஓர் ஊரில் குறிப்பிட்ட காலத்தில் வழக்கமாக எத்தனை பேர் இறப்பார்களோ, அந்த எண்ணுக்கு மேல் நிகழும் இறப்புகளே மிகை இறப்பு. 'எக்ஸஸ்' என்பதன் வேர், எல்லை கடந்து போவதைக் குறிக்கும் லத்தீன் வினை. இங்கிலாந்துப் பதிவாளர் அலுவலகத்தின் புள்ளியியலாளர் வில்லியம் ஃபார், 1847இல் லண்டனில் இன்ஃபுளுயன்சா பரவியபோது, அந்நோயின் பெயரில் பதிவானவற்றோடு நிற்காமல் பருவத்துக்குரிய இறப்புகளைத் தாண்டியவற்றையும் கணக்கிட்டார்.

நோய்ப் பேரிடரில் அரசு தரும் எண்ணைச் சோதிக்க நிருபருக்கு இதைவிடக் கூரிய கருவி இல்லை. இறந்ததற்கான காரணம் தெரியாமலே கணக்குப் போடலாம். இந்தியாவில் பதிவாகும் இறப்புகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுக்குத்தான் மருத்துவரின் காரணச் சான்று உண்டு. ஏற்கெனவே இருந்த வேறு நோயைக் காட்டி 'இணைநோய்' என்று எழுதி கொரோனா பட்டியலிலிருந்து ஒரு பெயரை விட்டுவிட முடியும். இறப்புப் பதிவேட்டிலிருந்து விடுவது அத்தனை எளிதல்ல. வங்கிக்கும் காப்பீட்டுக்கும் வாரிசுரிமைக்கும் குடும்பத்தார் சான்றிதழ் கேட்டு வருவார்களே.

2021 மே மாதம் குஜராத்தி நாளிதழ் 'திவ்ய பாஸ்கர்' இதைத்தான் செய்தது. அவ்வாண்டு மார்ச் 1 முதல் மே 10 வரை குஜராத்தில் வழங்கப்பட்ட இறப்புச் சான்றிதழ்கள் சுமார் 1.23 லட்சம், முந்தைய ஆண்டு அதே நாட்களில் சுமார் 58,000. அந்தக் காலத்துக்கு அரசு சொன்ன கொரோனா இறப்பு 4,218. ஓர் இறப்புக்குப் பல சான்றிதழ் நகல்கள் வாங்குவார்கள் என்று அரசு மறுத்தது. இடைவெளியின் அளவைப் பார்த்தால் அந்த மறுப்பு போதாது. ஆனாலும் அதில் ஒரு பாடம் உண்டு. சான்றிதழை எண்ணாமல் பதிவு எண்ணை எண்ண வேண்டும். பதிவு செய்த நாளை விட்டு, இறந்த நாளைக் கொள்ள வேண்டும்.

எதோடு ஒப்பிடுகிறோமோ அந்த அடிப்படை ஆண்டுதான் பலர் சறுக்கும் இடம். 2020 மார்ச் 25 முதல் ஊரடங்கு; பதிவு அலுவலகங்களும் முடங்கின. அந்த ஆண்டை மட்டும் ஒப்பிட்டால் மிகை ஊதிப்பெருகும். 2015 முதல் 2019 வரையிலான அதே மாதச் சராசரி நம்பகமானது. பதிவுப் பழக்கம் ஆண்டுதோறும் கூடிவந்த மாவட்டமானால் அந்த ஏற்றத்தையும் சேர்த்தே எதிர்பார்ப்பு எண்ணைக் குறிக்க வேண்டும். இறப்பு நிகழ்ந்த இடத்தில்தான் பதிவாகும் என்பதால், பெரிய மருத்துவமனை உள்ள நகரத்தைத் தனியே எடுத்தால் வெளியூர் நோயாளிகளும் அதில் சேர்வார்கள்.

தமிழில் 'அதிக இறப்பு', 'கூடுதல் மரணம்' என்றும் எழுதுகிறார்கள். 'அதிக' என்பது நிறைய என்று மட்டும் படும். எதைவிட என்ற கேள்வி அதில் இல்லை. குணத்தையும் குற்றத்தையும் எடைபோட்டு 'மிகைநாடி' என்கிறது குறள் 504. ஒப்பிட்டபின் விஞ்சுவதே மிகை. இங்கு வேண்டிய பொருளும் அதுவே. மிகைப்படுத்தல் என்ற நினைப்பு குறுக்கிடாமலிருக்க, செய்தியில் அடிப்படை எண்ணையும் சேர்த்தே எழுதுவது நல்லது.

சராசரி 1,000, இந்த மே மாதம் 1,600 என்றால் மிகை இறப்பு 600. அவை எல்லாமே கொரோனா சாவுகள் அல்ல. டயாலிசிஸ் கிடைக்காமல் இறந்தவர்களும் அதில் இருப்பார்கள். ஊரடங்கில் சாலை விபத்து குறைந்ததால் தப்பியவர்கள் அந்த எண்ணைக் குறைத்திருப்பார்கள். '600 கொரோனா சாவுகள் மறைப்பு' என்று தலைப்பிட்டால் மறுநாளே மறுப்பறிக்கை வரும்.