பஞ்ச் கிண்ணத்தில் எத்தனை பெக் இருக்கிறது?

டப்ளினில் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்ப்பவர்களுக்கு டிசம்பர் என்றாலே விருந்துக்குப் போன இடத்தில் வழுக்கி விழுந்தவர்கள்தான். எவ்வளவு குடித்தீர்கள் என்று கேட்டால், பியர் குடித்தவர் கணக்குச் சொல்வார். பஞ்ச் (மதுவில் எலுமிச்சையும் சர்க்கரையும் நீரும் கலந்த பானம்) குடித்தவர், "ஜூஸ் மாதிரிதான் இருந்துச்சு டாக்டர்" என்பார்.

அயர்லாந்தின் பழைய விருந்துகளில் பரிமாறிய சூடான விஸ்கி பஞ்சைச் செய்யாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. ருசியான சமாச்சாரம்தான். நான்கு எலுமிச்சைகளின் மஞ்சள் தோலை மட்டும் சீவி (வெள்ளைப் பகுதி கசக்கும்), 175 கிராம் சர்க்கரையோடு நசுக்கி, இரண்டு மணி நேரம் மூடி வையுங்கள். தோலின் எண்ணெய் இறங்கிச் சர்க்கரை ஈரமாகிவிடும். மணம் முழுக்க அதில்தான். அப்புறம் ஒரு லிட்டர் கொதிநீர், எலுமிச்சைச் சாறு, கடைசியில் 700 மில்லி விஸ்கி.

வம்பும் இங்கேதான். மொத்தம் சுமார் இரண்டு லிட்டர் வரும். அதில் 14 சதவீதம் ஆல்கஹால். 150 மில்லி கோப்பை ஒன்றில் ஏறக்குறைய 17 கிராம். அயர்லாந்து பப்பில் ஒரு அளவாக ஊற்றும் 35.5 மில்லி விஸ்கியில் இருப்பதைப் போல ஒன்றரை மடங்கு! இனிப்பும் புளிப்பும் சேர்ந்து விஸ்கியின் எரிச்சலை மறைத்துவிடும். சூட்டில் சரக்கு ஆவியாகிப் போய்விடும் என்று நம்புகிறவர்களும் உண்டு. கடைசியில் ஊற்றிய விஸ்கி அப்படியெல்லாம் போகாது.

மூன்று கோப்பை என்றால் 50 கிராம். உடல் மணிக்குச் சுமார் 10 கிராம்தான் கழிக்கும். ராத்திரி ஒரு மணிக்கு முடித்தவர் காலை ஐந்து மணிக்கு விமான நிலையத்துக்கு வண்டி எடுத்தால், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹால் என்ற இங்குள்ள வரம்பு நினைவில் இருக்கட்டும். வண்டி ஓட்டக் கற்றுக்கொள்பவர்களுக்கும் டாக்ஸி ஓட்டுநர்களுக்கும் அது 20தான்.

சளிக்கு நல்லது என்று குடிப்பவர்கள் தூக்கம் வரவைக்கும் சளி மாத்திரையையும் சேர்த்துப் போடுகிறார்கள். அது வேண்டவே வேண்டாம். தூக்க மாத்திரைக்கும் இதே பேச்சுதான்.

வழி பழைய வழக்கத்திலேயே இருக்கிறது. அந்தக் காலத்தில் விஸ்கி, வெந்நீர், சர்க்கரை, எலுமிச்சை எல்லாவற்றையும் மேஜையில் தனித்தனியாக வைத்து, அவரவர் டம்ளரில் கலந்துகொள்வதும் உண்டு. நீங்களும் விஸ்கி இல்லாத எலுமிச்சை நீரை மட்டும் பெரிய பாத்திரத்தில் வைத்துவிட்டு, விஸ்கியை அளவுக் கிண்ணத்தால் கோப்பைக்குக் கோப்பை ஊற்றுங்கள். கர்ப்பிணிக்கும் வண்டி ஓட்டுபவருக்கும் அதே பாத்திரத்திலிருந்து அப்படியே கொடுக்கலாம். பாத்திரம் கண்ணாடியோ எவர்சில்வரோ இருக்கட்டும். அலங்காரத்துக்காக ஈயம் பூசாத பித்தளையில் எலுமிச்சையை ஊற்றாதீர்கள்.