பழைய கல்யாண டிவிடியைத் தூக்கிப் போடாதீர்கள்

போன மாதம் கீழக்கரையிலிருந்து ஒருவர் கடைக்கு வந்தார். கையில் ஒரு பென்டிரைவ். "அண்ணே, இதுல எங்க உம்மா முகத்தைக் கொஞ்சம் தெளிவாக்கித் தர முடியுமா?" என்று கேட்டார். 2006-இல் நடந்த அவருடைய அக்கா கல்யாண வீடியோ. உம்மா, அதாவது அவருடைய அம்மா, இப்போது இல்லை. அவர் நடந்து, பேசி, சிரிக்கிற படம் என்று அந்தக் குடும்பத்தில் இருப்பது அது ஒன்றுதான்.

போட்டுப் பார்த்தேன். ஃபைல் 3840×2160, அதாவது 4கே. ஆனால் முகங்களெல்லாம் மெழுகு பூசியதுபோல் வழவழவென்று இருந்தன. எல்லாரும் பக்கவாட்டில் உப்பித் தெரிந்தார்கள். உம்மா தலையைத் திருப்பும்போதெல்லாம் கன்னத்து ஓரத்தில் சீப்புப் பல் மாதிரிக் கோடுகள்.

"டிவிடி எங்கே தம்பி?"

"அதான் 4கே-யா மாத்திக் குடுத்துட்டாங்களே. வீடு மாறும்போது பழசையெல்லாம் போட்டுட்டோம்ணே."

இந்த வருடத்தில் இப்படி வந்தது இது மூன்றாவது. மாற்றிக் கொடுத்த கடையைத் திட்டி ஆகப்போவது ஒன்றுமில்லை. மூலத்தைத் தூக்கிப் போட்டதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ராமநாதபுரத்தில் 26 வருடமாக டிவியும் பிளேயரும் பழுது பார்க்கிறேன். தினமும் யாராவது சொல்வது இதுதான்: "புது டிவி 4கே, பிளேயர்லயும் 1080 அப்ஸ்கேலிங்னு போட்டிருக்கு, அப்ப பழைய படமும் அப்படித்தானே தெரியணும்?" தெரியாது. தயவுசெய்து இதை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நம் ஊர் டிவிடியில் ஒரு படத்துக்கு 720×576 புள்ளிகள், சுமார் 4 லட்சத்து 15 ஆயிரம். 4கே திரையில் இருப்பதோ சுமார் 83 லட்சம். டிஸ்க்கில் உள்ள ஒரு புள்ளிக்குத் திரையில் 20 இடம். அந்த 20-ஐயும் நிரப்பியாக வேண்டும், இல்லையென்றால் படம் திரையின் நடுவில் ஒரு தபால் கார்டு அளவுக்கு நிற்கும். அதனால் பிளேயரோ டிவியோ பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து இடையில் என்ன நிறம் வரலாம் என்று கணக்குப் போட்டு நிரப்புகிறது. கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவில் சாம்பல். அப்ஸ்கேலிங் என்றால் இவ்வளவுதான். விசிடி இன்னும் மோசம், அதில் இருப்பதே 352×288.

மண்டபத்திலோ பாம்பனிலோ இருப்பவர்களுக்கு வேறு மாதிரிச் சொல்கிறேன். கண் பெரிய வலையில் தப்பிப்போன நெத்திலியை, கரைக்கு வந்தபிறகு கண்ணுக்கு நடுவே நூல் கோத்துப் பிடிக்க முடியுமா? கேமரா அன்று பிடிக்காததை இன்றைக்கு எந்தப் பெட்டியாலும் கொண்டுவர முடியாது. ஏஐ போட்டு முகத்தைத் தெளிவாக்கித் தருகிறோம் என்கிறார்கள். அது வரைகிற இமை முடி உங்கள் அம்மாவுடையது அல்ல. ஆயிரக்கணக்கான வேறு முகங்களைப் பார்த்துப் பழகியதிலிருந்து போட்டது.

அப்படியானால் அப்ஸ்கேலிங் வீணா? இல்லை. நல்ல பிளேயர் அதை நன்றாகவே செய்யும். அதிலும் கடினமான வேலை பெரிதாக்குவது அல்ல, கோடுகளைச் சேர்ப்பது. அந்தக் காலக் கேமரா முழுப் படமாக எடுக்காது. நொடிக்கு 50 அரைப்படம் எடுக்கும், ஒன்றில் ஒற்றைப்படைக் கோடுகள், அடுத்ததில் இரட்டைப்படைக் கோடுகள். குழாய் டிவி அதை அப்படியே மாற்றி மாற்றிக் காட்டியது. இன்றைய பேனல் எல்லாக் கோட்டையும் ஒரே நேரத்தில் காட்டும். இரண்டு அரையையும் ஒட்ட வேண்டும், ஆனால் இரண்டுக்கும் நடுவில் நொடியில் 50-இல் ஒரு பங்கு போய்விட்டது, ஆளும் நகர்ந்துவிட்டார். ஒருவர் பாம்பன் பாலத்தில் மீட்டர்கேஜ் ரயில் ஓடிய காலத்தில் ஜன்னலிலிருந்து எடுத்த வீடியோவைக் கொண்டுவந்தார். மட்டமான பிளேயரில் பாலத்து இரும்புச் சட்டமெல்லாம் பல் பல்லாகக் கிழிந்தது. நல்ல பிளேயரில் அதே டிஸ்க் சுத்தமாக ஓடியது.

நான் கத்துவது இதற்குத்தான். டிஸ்க்கில் அந்த இரண்டு அரைப்படமும் தனித்தனியாக அப்படியே இருக்கின்றன. ஐந்து வருடம் கழித்து இதைவிட நல்ல பிளேயர் வந்தால் அதே டிஸ்க்கை இன்னும் நன்றாகக் காட்டும். மோசமாக ஒட்டி, இழுத்து, பெரிதாக்கி, திரும்ப அமுக்கிப் புது ஃபைலாக்கிவிட்டால் அந்தத் தப்பு படத்துக்குள் கலந்துவிடும். பிறகு யாராலும் முழுதாகப் பிரித்தெடுக்க முடியாது.

காப்பி எடுங்கள், கட்டாயம் எடுங்கள். ஆனால் டிஸ்க்கில் இருப்பதை மாற்றாமல் அப்படியே ஐஎஸ்ஓ ஃபைலாக எடுத்துத் தரச் சொல்லுங்கள். கல்யாண டிவிடி ஒன்றுக்குப் பெரும்பாலும் 4.7 ஜிபிக்கு மேல் போகாது. இரண்டு இடத்தில் வையுங்கள். 4கே ஃபைல் வேண்டுமென்றால் அதுவும் இருக்கட்டும், மூலத்துக்குப் பதிலாக வேண்டாம்.

வீட்டில் பார்க்கும்போது மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயரைக் கழற்றிவிட்டு எச்டிஎம்ஐ போடுங்கள். பிளேயர் செட்டிங்கில் படம் வெளிவருகிற அளவை 576, 1080 இரண்டிலும் வைத்துப் பாருங்கள், சில வீட்டில் டிவியே பிளேயரைவிட நன்றாகப் பெரிதாக்கும். பழைய கல்யாணப் படம் பெரும்பாலும் 4:3, அதாவது அகலம் 4 பங்கு, உயரம் 3 பங்கு, அந்த அளவிலேயே வையுங்கள். இரண்டு பக்கமும் கறுப்பாக இருந்தால் என்ன? திரையை நிரப்புவதற்காக மாப்பிள்ளையைக் குண்டாக்க வேண்டுமா? டிவியில் விவிட் மோடை எடுத்துவிட்டு ஷார்ப்னஸைக் குறையுங்கள். ஷார்ப்னஸ் கூட்டினால் தெளிவு வராது, ஓரத்தில் வெள்ளைக் கோடுதான் வரும்.

கடலோரத்து வீடுகளுக்கு இன்னொன்று. உப்புக்காற்றில் கேபிள் முனையிலுள்ள பின்களில் களிம்பு ஏறும். படம் புள்ளி புள்ளியாக வந்தால் டிஸ்க் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள், முதலில் கேபிளையும் லென்ஸையும் பார்க்கச் சொல்லுங்கள். டிஸ்க்கை வட்டமாகத் துடைக்கக் கூடாது, நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைக்க வேண்டும். ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். வெயில் படுகிற ஷோகேஸில் வைக்காதீர்கள், வீட்டில் எழுதிய டிஸ்க்கின் சாயம் வெயிலில் போய்விடும்.

கீழக்கரைத் தம்பியிடம் ஒன்று கேட்டேன். அந்தக் காலத்தில் கல்யாண டிஸ்க்கை மூன்று நான்கு போட்டுச் சொந்தக்காரர்களுக்குக் கொடுப்பார்கள், சவூதிக்கும் துபாய்க்கும்கூட அனுப்புவார்கள், யாரிடமாவது இருக்குமா? வீடு வீடாகப் போன் பண்ணினார். தொண்டியில் அக்காவின் மாமியார் வீட்டு அலமாரியில் ஒன்று கிடைத்தது. கீறல் நிறைய. இரண்டு டிரைவில் மாற்றி மாற்றிப் போட்டு ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து எடுத்தேன், கடைசி 10 நிமிடம் வரவில்லை. உம்மா வருகிற இடம் அதற்கு முன்னாலேயே இருந்தது. 4:3-இல் ஓட்டிக் காட்டினேன். முகம் சின்னதாக, கொஞ்சம் மங்கலாகத்தான் இருந்தது. "இதுதாண்ணே எங்க உம்மா" என்றார்.