அணுகல்தன்மை: சொல் விளக்கம்

கண் தெரியாதவர், காது கேளாதவர், கையால் மவுஸைப் பிடிக்க முடியாதவர் என யாராக இருந்தாலும், ஓர் இணையப் பக்கத்தைப் பிறர் துணையின்றிப் படித்துப் பயன்படுத்த முடிந்தால் அந்தப் பக்கத்துக்கு அணுகல்தன்மை உண்டு. ஆங்கிலத்தில் 'ஆக்சஸிபிலிட்டி'. அதன் முதலெழுத்துக்கும் கடைசி எழுத்துக்கும் நடுவே 11 எழுத்துகள் இருப்பதால், கணினித் துறையினர் 'ஏ11ஒய்' என்று சுருக்கி எழுதுவார்கள்.

வேர், லத்தீன் மொழியின் 'அக்கேதெரே'. 'அட்' என்றால் நோக்கி, 'கேதெரே' என்றால் செல். கிட்டே போவதுதான் பொருள். அதற்கு நம்மிடம் பழைய வினையே இருக்கிறது. "அகலாது அணுகாது தீக்காய்வார் போல்க" என்கிறது குறள் 691. அந்த 'அணுகு' தான் இது; தன்மை என்பதை மட்டும் சேர்த்துக்கொண்டோம்.

'மாற்றுத்திறன் வசதி' என்றும் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வசதி என்றதும் யாருக்கோ தனியாகச் செய்து தரும் சலுகை போலாகிவிடுகிறது. தன்மை என்றால் அது பக்கத்தின் குணம்; இல்லாவிட்டால் குறை பக்கத்தைச் செய்தவருடையது. இணையத்துக்கான தரங்களை வகுக்கும் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 1999-இல் வெளியிட்ட நெறிமுறைகளும் இணைய உள்ளடக்கத்தின் அணுகல்தன்மை பற்றியவை என்றே பெயர் தாங்கி நிற்கின்றன. அணுகல்தன்மை இல்லாத பக்கத்தைப் பேச்சுவழக்கில் 'எட்டாத பக்கம்' என்றாலும் பொருள் கெடாது.

தமிழ்ப் பக்கங்களுக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும் பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்தால் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். உள்ளே இருப்பதோ ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் மென்பொருளான திரைவாசிப்பான் (என்விடிஏ போன்றது) உள்ளே இருப்பதைத்தான் படிக்கும். கேட்பவருக்கு ஒரு சொல்லும் விளங்காது. தமிழ் எழுத்துகளுக்கென்றே தனிக் குறியெண்கள் உள்ள ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றிவிட்டால் அதே வாசிப்பான் 'தமிழ்' என்றே சொல்லும்.

அறிவிப்பைப் படமாக ஏற்றுவதும் இப்படித்தான். கூட்டம் எங்கே, எத்தனை மணிக்கு என்பதெல்லாம் படத்துக்குள் அடைபட்டிருக்க, வாசிப்பான் 'படம்' என்று மட்டும் சொல்லிவிட்டுக் கடந்துபோகும். இதற்குத்தான் மாற்று உரை, அதாவது 'ஆல்ட் டெக்ஸ்ட்': படத்தில் இருப்பதை வாசிப்பான் படிப்பதற்காகப் படத்தோடு சேர்த்து எழுதும் வரி. அதில் 'அழைப்பிதழ்' என்று எழுதினால் போதாது. 'மார்ச் 5, மாலை 4 மணி, நூலக மாடியில் வாசகர் கூட்டம்' என்று எழுத வேண்டும்.