எப்பிங் காடு: வெட்டு வாங்கி வயதான மரங்கள்

லண்டன் பாதாள ரயிலின் சென்ட்ரல் லைனில் லௌட்டன் நிலையத்தில் இறங்கி, வீடுகளுக்கு நடுவே கொஞ்ச நேரம் மேடேறினால் எப்பிங் காடு வந்துவிடும். டிக்கெட் கிடையாது, வாசல் கிடையாது. உள்ளே நுழைந்து பத்தடி வைப்பதற்குள் ஒன்று கண்ணில் படும்: மரங்களின் உருவம் இயல்பாக இல்லை. அடிமரம் இரண்டு பேர் கைகோத்துக் கட்டிப்பிடிக்கும் பருமன். ஆனால் ஆள் உயரத்துக்குச் சற்று மேலே போனதும் அது சட்டென்று நின்றுவிடுகிறது. அங்கே ஒரு பெரிய முண்டு. அந்த முண்டிலிருந்து எட்டு, பத்து கிளைகள், ஒவ்வொன்றும் தனி மரத்தின் கனத்தில், நேராக மேலே கிளம்புகின்றன.

நோயோ மின்னலோ இதற்குக் காரணமில்லை. கோடாரிதான். இந்த மரங்களைப் பல நூறு ஆண்டுகள், தலைமுறை தலைமுறையாக, ஒரே உயரத்தில் வெட்டிக்கொண்டே இருந்தார்கள். அப்படி வெட்டு வாங்கிய பழைய மரங்கள் இந்தக் காட்டில் 50,000-க்கு மேல் நிற்கின்றன. வெட்டாமல் விட்டிருந்தால் இவற்றில் பெரும்பாலானவை எப்போதோ செத்து மண்ணாகியிருக்கும் என்பதுதான் வேடிக்கை.

கிழக்கு லண்டனில், ஈஸ்ட் ஹாமிலும் இல்ஃபோர்டிலும் வால்தம்ஸ்டோவிலும் குடியிருக்கும் நம்மவர்களுக்கு இது பக்கத்துக் காடு. தெற்கே மேனர் பார்க் பக்கத்துப் புல்வெளியில் தொடங்கி வடக்கே எப்பிங் ஊர் வரை சுமார் 19 கிலோமீட்டர் நீளம். அகலம் அதிகம் போனால் 4 கிலோமீட்டர். பரப்பு ஏறத்தாழ 2,400 ஹெக்டேர். லீ, ரோடிங் என்ற இரண்டு ஆறுகளுக்கு நடுவே உள்ள மேட்டின் முதுகில் அது படுத்திருக்கிறது.

மேட்டின் உச்சியில் சரளையும் மணலும். அதற்குக் கீழே லண்டன் நகரமே உட்கார்ந்திருக்கும் கெட்டியான களிமண். உச்சியில் பெய்த மழை சரளை வழியாகச் சுலபமாக இறங்கி, களிமண்ணைத் தொட்டதும் போக வழியில்லாமல் பக்கவாட்டில் நகர்ந்து, சரிவின் நடுவில் எங்காவது கசிந்து வெளியே வரும். இங்கே நடப்பவர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது: மேலே காய்ந்து கிடக்கும் பாதை பாதிச் சரிவு இறங்கியதும் காரணமில்லாமல் சேறாக மாறும். மழை பெய்து ஒரு வாரமாகியிருந்தாலும் மாறும். மரங்களும் மண்ணைப் பார்த்தே இடம் பிடித்திருக்கின்றன. உச்சியின் சரளையில் பீச், கீழே களிமண்ணில் ஹார்ன்பீம், ஓக் மட்டும் பரவலாக இரண்டிலும்.

சரி, வெட்டியது யார், எதற்கு?

அந்தக் காலத்தில் இது அரசனின் வேட்டைக் காடு. மானைத் தொட்டால் தண்டனை. நிலம் நிலக்கிழார்களுடையது. ஆனால் மாடு மேய்க்கவும், குளிர்காலத்துக்கு விறகுக்காகக் கிளை வெட்டவும் சுற்றுவட்டார ஊர்க்காரர்களுக்கு உரிமை இருந்தது. மரத்தை அடியோடு வெட்டக் கூடாது, கிளை மட்டும்தான். லௌட்டன் ஊரில் நவம்பர் 11 நள்ளிரவில் வெட்டத் தொடங்கி ஏப்ரல் 23 வரை வெட்டலாம் என்பது வழக்கம். அந்த நள்ளிரவில் முதல் கிளையை யாராவது வெட்டியே ஆக வேண்டும், தவறினால் ஊருக்கு உரிமை போய்விடும் என்றும் நம்பினார்கள். அதனால் நிலக்கிழார் ஒரு வருஷம் அதே இரவில் ஊராரை விருந்துக்குக் கூப்பிட்டுக் குடிக்க வைத்ததாகவும், தாமஸ் வில்லிங்கேல் என்ற கூலித் தொழிலாளி மட்டும் எழுந்து போய் ஒரு கிளையை வெட்டிக்கொண்டு வந்து எல்லார் முன்னாலும் போட்டதாகவும் ஊர்க்கதை ஒன்று உண்டு. கதை எவ்வளவு உண்மையோ, வில்லிங்கேல் உண்மை.

ஆள் உயரத்துக்கு மேலே வெட்டியதன் காரணம் எளிது. தரையோடு வெட்டினால் துளிர்க்கும் குருத்தை மாடும் மானும் மேய்ந்துவிடும். எட்டடி உயரத்தில் துளிர்த்தால் எந்த வாய்க்கும் எட்டாது. கீழே மேய்ச்சல், மேலே விறகு. ஒரே நிலம் இரண்டு வேலை செய்தது.

இனி மரத்துக்குள் நடப்பதைப் பார்ப்போம். காய்ப்பு முடிந்த முருங்கையை மொட்டையாக வெட்டிவிட்டால் சில வாரத்தில் வெட்டுவாயைச் சுற்றிப் பத்துப் பதினைந்து துளிர்கள் முண்டியடித்துக்கொண்டு வருமே, அதேதான் இங்கேயும். மரத்தின் உச்சிக் குருத்துகள் ஆக்சின் என்ற ஹார்மோனைச் சுரந்து கீழ்நோக்கி அனுப்பிக்கொண்டே இருக்கும். அது வந்துகொண்டிருக்கும் வரை கீழே பட்டைக்குள் ஒளிந்திருக்கும் மொட்டுகள் வாய் திறக்காது. சில மொட்டுகள் பல பத்தாண்டுகள் அப்படியே உறங்கும். மரம் பருக்கப் பருக்க, பட்டைக்குள் புதைந்துபோகாமல் ஆண்டுக்கு ஒரு நூலிழை நகர்ந்து, மேற்பரப்பை ஒட்டியே இருந்துகொள்ளும். உச்சியை வெட்டியதும் ஆக்சின் வரத்து நின்றுபோகிறது. வேரிலிருந்து மேலே வரும் சைட்டோகைனின் என்ற இன்னொரு ஹார்மோனின் கை ஓங்குகிறது. உறங்கிய மொட்டுகள் ஒட்டுமொத்தமாக விழித்துக்கொள்கின்றன.

துளிர்க்கச் செலவுக்குப் பணம் வேண்டுமே? இலை ஒன்றுகூட இல்லாத மரத்துக்கு அது வேரிலும் அடிமரத்திலும் சேர்த்துவைத்த மாவுச்சத்திலிருந்து வருகிறது. இலையுதிர் காலத்தில் சேமிப்பில் பெரும்பகுதி கீழே இறங்கிவிடும். அதற்குப் பிறகு குளிரில் வெட்டினால் மரத்துக்கு நஷ்டம் குறைவு. நவம்பரில் தொடங்கி ஏப்ரலில் முடித்த அந்த ஊர் வழக்கத்தில் தாவரவியலும் பிசகில்லாமல் பொருந்தியிருக்கிறது. பத்துப் பதினைந்து ஆண்டுக்கு ஒரு முறை, அதே முண்டில், மறுபடி.

வெட்டு ஆயுளைக் கூட்டுவது எப்படி? ஒவ்வொரு ஆண்டும் மரம் தன் அடிமரம், கிளை, சுள்ளி எல்லாவற்றின் மேலும் புதிதாக ஒரு மர வளையத்தைப் போர்த்தியாக வேண்டும். மரம் வளர வளரப் போர்த்த வேண்டிய பரப்பு கூடிக்கொண்டே போகும். ஆனால் இலைக்கூட்டம் ஓர் அளவோடு நின்றுவிடும். வருமானம் அப்படியே இருக்கச் செலவு மட்டும் ஏறினால் வளையம் ஆண்டுக்காண்டு மெலியும். கடைசியில் போர்த்தக் கட்டுப்படியாகாத நிலை வரும். முதுமை என்பது மரத்துக்குப் பெருமளவு இதுதான். கிளைகளை வெட்டியதும் போர்த்த வேண்டிய பரப்பு ஒரேயடியாகக் குறைகிறது, கணக்கு பழைய இடத்துக்குத் திரும்புகிறது. கூடவே காற்றின் பிடியும் தளர்கிறது. உயரமும் அகலமுமாகப் பாய் விரித்த மரத்தைப் புயல் சாய்க்கும். குட்டை மரத்தில் அதற்குப் பிடிமானம் இல்லை. பீச் பொதுவாக 250, 300 ஆண்டுகளில் சரியத் தொடங்கிவிடும். வெட்டு வாங்கிய பீச் அதையும் தாண்டி நிற்கும்.

பழைய ஹார்ன்பீம் ஒன்றின் அருகே போய்ப் பாருங்கள். சாம்பல் நிறப் பட்டை வழவழப்பாக இருக்கும், ஆனால் அடிமரம் உருண்டையாக இராது. மேடும் பள்ளமுமாக நீள வரிகள் முறுக்கிக்கொண்டு ஓடும். எங்காவது ஒரு பிளவு இருக்கும். அதில் கண்ணை வைத்தால் உள்ளே இருட்டு, ஈர மரத்தூளின் வாடை, சில மரங்களில் மறுபக்கத்து வெளிச்சம்கூடத் தெரியும். நடுவே ஒன்றுமே இல்லை. மேலே இலை மட்டும் பச்சைப் பசேலென்று.

இதைப் பார்த்து மரம் சாகப்போகிறது என்று பயப்பட வேண்டியதில்லை. நடுமரம் முன்பே இறந்த கட்டை. நீரும் உணவும் ஓடுவது வெளிப்புறத்து மெல்லிய அடுக்குகளில். பழைய வெட்டுவாய்கள் வழியாக நுழைந்த பூஞ்சைகள் அந்தக் கட்டையைத்தான் தின்றிருக்கின்றன. பலமும் நாம் நினைக்கும் அளவுக்குக் குறைவதில்லை. ஒரு தண்டு வளையாமல் நிற்கும் விறைப்பு அதன் ஆரத்தின் நான்காம் அடுக்கை (ஆரம் × ஆரம் × ஆரம் × ஆரம்) பொறுத்தது. ஆரத்தில் 70 சதவீதம் வரை உள்ளே பொக்கையாகிவிட்டால் மரத்தில் பாதிக்குப் பாதி காணாமல் போயிருக்கும். ஆனால் விறைப்பில் கால்வாசிதான் போயிருக்கும். வேலை செய்வது வெளிச்சுவர்தான் என்பதால் இந்தக் கணக்கு. (சுவர் பிளந்துவிட்டால் கணக்கு மாறும், அதற்கு வருகிறேன்.) இன்னும் சில மரங்கள் தம் பொந்துக்குள்ளேயே வேர் விட்டு, மக்கிய தம் நடுமரத்தையே உரமாக உறிஞ்சிக்கொள்கின்றன.

மரம் இறப்பதற்கு நூறு, இருநூறு ஆண்டுக்கு முன்பே பொந்தாகிவிடுவதால்தான் இந்தக் காட்டில் இவ்வளவு உயிர்கள். வௌவால், ஆந்தை, மரங்கொத்தி, மக்கிய மரத்தைத் தவிர வேறெதையும் தொடாத வண்டுகள். சைகோடான் ஃபார்ஸ்டெரி என்று ஒரு பாசி உண்டு. மழைநீர் தேங்கி வழியும் கிளைக்குழியின் ஓரத்தில்தான், அதுவும் பெரும்பாலும் பழைய பீச்சில்தான் அது முளைக்கும். பிரிட்டனில் விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்களில்தான் அதைப் பார்க்க முடியும். எப்பிங் அவற்றில் ஒன்று. மான்கொம்பு போன்ற தாடை கொண்ட ஸ்டாக் வண்டும் இங்கே உண்டு. அதன் புழு மண்ணுக்கடியில் மக்கும் கட்டையைத் தின்று ஆண்டுக்கணக்கில் இருட்டில் கிடக்கும். வண்டாக வெளியே வந்த பிறகு ஒரு கோடைதான் வாழ்வு.

19-ஆம் நூற்றாண்டில் லண்டன் பெருக்கப் பெருக்க நிலத்துக்கு விலை ஏறியது. நிலக்கிழார்கள் காட்டைச் சுற்றி வேலி போட ஆரம்பித்தார்கள். லௌட்டனில் நிலக்கிழாரும் ஊர்ப் பாதிரியாரும் ஒரே ஆள். யாரிடம் போய் முறையிடுவது? வேலியை மதிக்காமல் கிளை வெட்டியதற்காக வில்லிங்கேல் குடும்பத்து மூவர் 1866-ல் சிறை போனார்கள். பிறகு லண்டன் நகர மாநகராட்சி களத்தில் இறங்கியது. காட்டோரம் கல்லறைத் தோட்டத்துக்கு வாங்கிய நிலத்தால் அதற்கும் மேய்ச்சல் உரிமை இருந்தது. அந்தப் பிடியை வைத்தே வழக்குப் போட்டது. வேலிகள் சட்டவிரோதம் என்று 1874-ல் தீர்ப்பு வந்தது. 1878-ல் எப்பிங் காட்டுச் சட்டம். காடு என்றென்றைக்கும் பொதுமக்களுடையது, கட்டடம் கூடாது, வேலி கூடாது.

அதே சட்டம் கிளை வெட்டும் உரிமையையும் நிறுத்தியது. ஈடாக லௌட்டன் ஊருக்கு 1884-ல் ஒரு மண்டபம் கட்டிக் கொடுத்தார்கள். அதன் பெயரே லாப்பிங் ஹால், அதாவது கிளைவெட்டு மண்டபம். இன்றும் இருக்கிறது.

அன்றைக்கு இருந்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காட்டை இயற்கையாக விட்டுவிடுவதே அதைக் காப்பது என்று நல்ல எண்ணத்தோடு நினைத்தார்கள். ஆனால் அது இயற்கையாக வளர்ந்த காடே இல்லை. வெட்டு நின்றதும் முண்டுகளின் மேலிருந்த கிளைகள் ஒன்றரை நூற்றாண்டாகத் தடையில்லாமல் பருத்தன. கீழே பொக்கையான அடிமரம், மேலே டன் கணக்கில் பாரம். காற்று பலமாக அடிக்கும்போது முண்டு இரண்டாகப் பிளக்கிறது; பிளந்த குழாய்க்கு அந்த நான்காம் அடுக்குக் கணக்கு உதவாது. பீச் நிழலும் மிகக் கனமானது. இலைகள் ஒன்றை ஒன்று மறைக்காமல் அடுக்கி விரிவதால் தரைக்கு வெளிச்சம் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். நடு வனத்தில் பீச்சின் கீழே பார்த்தால் உதிர்ந்த இலையும் இங்கொன்றும் அங்கொன்றுமாக ஹோலிச் செடியும்தான். பூக்கும் புதர்வெளிகள் இருந்த இடங்களும் மரமாகிவிட்டன.

மறுபடி வெட்டிவிட்டால் போயிற்றே என்று தோன்றும். அவ்வளவு சுலபமில்லை. நூறாண்டுக்கு மேல் வெட்டுப்படாத பீச்சின் கனத்த பட்டைக்குள் உறங்கும் மொட்டுகள் பெரும்பாலும் செத்திருக்கும். ஒரே வெட்டில் மொட்டையடித்தால் துளிர்க்க ஆளில்லாமல் மரமே போய்விடும். ஹார்ன்பீமும் ஓக்கும் கொஞ்சம் தாங்கும். அதனால் இப்போது கிளையின் ஒரு பகுதியை மட்டும் குறைத்து, துளிர் வருகிறதா என்று சில ஆண்டு பார்த்து, பிறகு இன்னும் கொஞ்சம் குறைக்கிறார்கள். ஒரு மரத்தைப் பழைய உயரத்துக்குக் கொண்டுவரப் பல பத்தாண்டுகள் ஆகலாம். கூடவே இளமரங்களுக்குப் புதிதாக முதல் வெட்டுப் போட்டு வருகிறார்கள்.

மேய்ச்சலும் திரும்பியிருக்கிறது. நீண்ட கொம்புள்ள இங்கிலிஷ் லாங்ஹார்ன் மாடுகள் கழுத்தில் ஜிபிஎஸ் பட்டையோடு திரிகின்றன. வேலி போடச் சட்டம் இடம் தராதே! எல்லையை நெருங்கினால் பட்டை ஒலி எழுப்பும், அதையும் மீறினால் சின்ன மின்னதிர்ச்சி. மாடுகள் சீக்கிரமே ஒலிக்கே திரும்பக் கற்றுக்கொள்கின்றன.

காட்டோடு நடையை முடித்துவிட வேண்டாம். வடக்கே எப்பிங், அப்ஷயர் பக்கம் வயலும் புல்வெளியும் புதர்வேலியுமாக நாட்டுப்புறம் விரிகிறது. அதில் ஒரு பகுதியைக் காட்டுக்குக் காப்பு நிலமாக மாநகராட்சியே வாங்கி வைத்திருக்கிறது, வீடுகள் காட்டின் ஓரம் வரை வந்து மோதாமல் இருக்க. தனியார் வயல் என்றாலும், பொதுப் பாதை என்று பலகை இருந்தால் உரிமையோடு குறுக்கே நடக்கலாம். கேட்டைத் திறந்தால் மூடிவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான். அப்புறம், இலையுதிர் காலத்தில் போகிறவர்களுக்கு ஒன்று: காளான் வழியெங்கும் கிடக்கும், பறிக்க அனுமதி இல்லை. அவற்றில் பல, மரவேர்களைப் பின்னிக்கொண்டு மண்ணிலிருந்து நீரும் சத்தும் எடுத்துக் கொடுத்து, பதிலுக்குச் சர்க்கரை வாங்கிக்கொள்ளும் பூஞ்சைகளின் கனிகள்.